டேப்லெட்டில் கட்டுரை வாசிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்து வழி பிடிக்க

"நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சுக்கா, இப்ப காணோம்." டேப்லெட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும் ஆய்வு மாணவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. மாதக்கணக்கில் வாசித்து, மஞ்சள் தீட்டி, ஓரத்தில் கேள்வி எழுதிவைத்த கட்டுரை வெள்ளைவெளேரென்று திறந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். நான் பார்த்தவரை குறிப்புகள் உண்மையிலேயே அழிந்துபோனது மிகச் சில முறைதான். அந்தச் சில முறையும் கோளாறால் அழியவில்லை. கோளாறைச் சரிசெய்கிற அவசரத்தில் அழிந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் ஸோட்டெரோவை வைத்து. கட்டுரைகளைச் சேமித்து, வாசித்து, மேற்கோள் காட்ட உதவும் மென்பொருள் அது. கட்டணமில்லாமல் கிடைக்கிறது, ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் செயலி இருக்கிறது. இதே வகை மென்பொருளான மெண்டலே தன் கைபேசி, டேப்லெட் செயலிகளை 2021-இல் நிறுத்திவிட்டதால் அங்கிருந்து மாறி வந்தவர்களும் நிறைய. வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் சோதிக்கும் வரிசை ஏறக்குறைய இதேதான்.

## எதையும் தொடுவதற்கு முன்

செயலியை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவாதீர்கள். கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள். இந்த இரண்டும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், இரண்டும்தான் ஆபத்து. இன்னும் வெளியே போய்ச் சேராத குறிப்பு டேப்லெட்டுக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கும். செயலியை நீக்கினால் அதுவும் கூடவே போய்விடும். வெளியேறினாலும் அப்படியே.

அடுத்து, ஒரு உலாவியைத் திறந்து ஸோட்டெரோ இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, அந்தக் கட்டுரையை அங்கேயே திறந்து பாருங்கள். டேப்லெட், இணையம், கணினி என்ற மூன்றில் குறிப்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் கிளைகள் எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் பிரிகின்றன.

## அறிகுறி: டேப்லெட்டில் போட்ட குறிப்பு கணினியில் இல்லை

### இணையத்தில் தெரிகிறது, கணினியில் மட்டும் இல்லை

டேப்லெட் தன் வேலையைச் செய்துவிட்டது. கணினியைப் பாருங்கள்.

முதலில், ஒரே கட்டுரை இரண்டு முறை சேர்ந்திருக்கிறதா? இதுதான் மிகச் சாதாரணமான காரணம், யாரும் முதலில் சந்தேகிக்காத காரணமும்கூட. ஒரு மாணவி தன் முக்கியமான கட்டுரையின் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன என்று வந்தார். தலைப்பின் முதல் மூன்று சொற்களைத் தேடலில் இட்டேன். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று இதழில் வெளியானது, இன்னொன்று அச்சுக்கு முந்தைய வரைவு. ஆசிரியர்கள் அதே, தலைப்பில் மட்டும் ஒரு அரைப்புள்ளி கூட. டேப்லெட்டில் வரைவைத் திறந்து மூன்று வாரம் வாசித்திருக்கிறார்; கணினியில் இதழ்ப் பதிப்பைத் திறந்து தேடியிருக்கிறார். வரைவைத் திறந்ததும் பக்கம் முழுக்க மஞ்சள்.

ஒரே பதிவின் (நூலகப் பட்டியலில் ஒரு கட்டுரைக்கான வரியின்) கீழ் இரண்டு பிடிஎஃப் இணைந்திருந்தாலும் இதேதான் நடக்கும். பதிவுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை விரித்து எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணுங்கள். குறிப்பு இருப்பது எதில் என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் நீக்க வேண்டாம்.

இரண்டாவது, குழு நூலகம். உங்கள் நூலகத்திலிருந்து ஒரு கட்டுரையை இழுத்து ஆய்வுக்குழுவின் நூலகத்தில் போட்டால் அங்கே தனிப் பிரதி ஒன்று உருவாகிறது. அதன்பின் அந்த இரண்டுக்கும் உறவு கிடையாது. டேப்லெட்டில் குழுப் பிரதியிலும் கணினியில் சொந்தப் பிரதியிலும் வாசித்தால் ஒன்றில் போட்டது மற்றொன்றில் ஒருநாளும் வராது. எதில் வாசிப்பது என்று முதல் நாளே முடிவுசெய்துகொள்வதே வழி.

மூன்றாவது, கணினியில் வேறு கணக்கு. கல்லூரி மின்னஞ்சலில் ஒன்று, சொந்த மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் பலர். அமைப்புகளில் ஒத்திசைவு ('சிங்க்') பக்கத்தைத் திறந்து பயனர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

### டேப்லெட்டில் இருக்கிறது, இணையத்தில் இல்லை

இன்னும் மேலே ஏறவில்லை. டேப்லெட் இப்போது உங்களிடமுள்ள ஒரே பிரதி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரில் போடுங்கள், செயலியைத் திறந்து வையுங்கள், திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலைக் கீழ்நோக்கி இழுத்து விட்டால் ஒத்திசைவு தொடங்கும். வாசித்து முடித்த கையோடு மூடியைச் சாத்திவிடுவது பலர் பழக்கம். டேப்லெட் உறங்கிவிட்டால் ஒத்திசைவு பாதி வழியில் நின்றுவிடும். அடுத்த முறை செயலியைத் திறக்கும்போதுதான் தொடரும்.

அப்படியும் நகரவில்லையென்றால் வலைப்பின்னலை மாற்றுங்கள். கல்வி நிறுவனங்களின் வைஃபையில் நுழைவுப் பக்கம் ஒன்று இருக்கும். அதில் கடவுச்சொல் போடாதவரை இணைப்பு இருப்பது போலத் தெரியும், எதுவும் போகாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஏறிவிட்டால் கோளாறு வைஃபையில்தான்.

தேதியும் நேரமும் சரியா என்றும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த டேப்லெட்டில் கடிகாரம் தவறியிருந்தால் பாதுகாப்பான இணைப்பே உண்டாகாது. செயலி தன் பிழைச்செய்தியில் இதைச் சொல்லவும் சொல்லாது.

எதுவும் பலிக்கவில்லையா? வேறு வேலை பார்ப்பதற்கு முன், டேப்லெட்டில் கட்டுரையைத் திறந்து, பகிர்வுக் குறி வழியாகக் குறிப்புகளோடு சேர்ந்த பிடிஎஃபை ஏற்றுமதி செய்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கியக் கட்டுரைக்கும் இதைச் செய்யுங்கள். அரைமணி நேரம் போகும், போகட்டும். அதன்பின் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் கோளாறு எண்ணை எடுத்து உதவி கேளுங்கள்.

### குறிப்பு போட்டதே வேறு செயலியில்

பிடிஎஃபை ஸோட்டெரோவிலிருந்து ஒரு கையெழுத்துக் குறிப்பேட்டுச் செயலிக்கு அனுப்பி அங்கே எழுதியிருந்தால், அந்தச் செயலி தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். உங்கள் எழுத்து அந்தப் பிரதியில்தான் இருக்கும், நூலகத்துக்குத் தானாகத் திரும்பாது. அங்கிருந்து ஏற்றுமதி செய்து, அதே பதிவின் கீழ் இரண்டாவது கோப்பாகச் சேருங்கள். பழைய கோப்பின் மேல் எழுத வேண்டாம்.

அப்படிச் சேர்த்த கோப்பில் குறிப்புகள் பூட்டுக் குறியோடு தெரிந்தால் அவை பிடிஎஃபுக்குள் பதிந்தவை என்று பொருள். கணினியில் கோப்புப் பட்டியலிலுள்ள 'இம்போர்ட் அனோட்டேஷன்ஸ்' வழியாக உள்ளே இழுத்தால் திருத்தக்கூடியவையாக மாறும். ஏற்றுமதி செய்த செயலி எழுத்தையெல்லாம் பக்கத்தோடு படமாக ஒட்டிவிட்டிருந்தால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை, வாசிக்கலாம், அவ்வளவுதான்.

### எங்குமே இல்லை

இணையத்தில், டேப்லெட்டில், கணினியில் மூன்றிலும் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். பதிவை நீக்கியிருந்தால் அதன் கோப்பும் குறிப்பும் சேர்ந்தே அங்கே கிடக்கும். அங்கும் இல்லையென்றால் கணினியின் ஸோட்டெரோ கோப்புறையில் தரவுத்தளத்தின் காப்புப் பிரதி ஒன்று தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும், பெயரின் முடிவில் 'பேக்' என்று வரும். அதைத் தொடும் முன் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், முழுக் கோப்புறையையும் வேறிடத்தில் நகலெடுங்கள். இந்தக் கட்டத்தில் பழக்கமில்லாதவர் தனியாக இறங்க வேண்டாம். மேற்கோள் மென்பொருள் தெரிந்த நூலகரையோ கணினிப் பிரிவினரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கட்டுரையின் பெயர் இருக்கிறது, கோப்பு திறக்கவில்லை

ஸோட்டெரோவில் இரண்டு போக்குவரத்து தனித்தனியாக நடக்கிறது. தலைப்பு, ஆசிரியர், உங்கள் குறிப்புகள் ஒரு வழியில் போகும். பிடிஎஃப் கோப்பு வேறு வழியில் போகும். முதலாவது சரியாக நடந்து இரண்டாவது நின்றுபோனால் இந்த அறிகுறி வரும்.

கோப்பின் அளவைப் பாருங்கள். சில கிலோபைட்தான் இருக்கிறது என்றால் அது பிடிஎஃபே அல்ல. சந்தா இல்லாத இடத்திலிருந்து சேமித்தபோது வந்த நுழைவுப் பக்கம் பிடிஎஃப் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நூலகக் கணக்கு வழியாக நுழைந்து மறுபடி இறக்குங்கள். இது ஒரு நிமிட வேலை. இதைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் தீர்ந்துவிட்டதா? ஸோட்டெரோ கட்டணமின்றித் தருவது 300 மெகாபைட். ஸ்கேன் செய்த நூல் நான்கைந்து இருந்தாலே நிரம்பிவிடும். நிரம்பியபின் புதிய கோப்பு ஏறாது. பெயரும் குறிப்பும் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே தோன்றும். இணையதளத்தில் சேமிப்பகப் பக்கத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். முதலில் குப்பைத்தொட்டியைக் காலிசெய்யுங்கள், அதிலுள்ள கோப்பும் கணக்கில் சேரும். காலிசெய்யும் முன் உள்ளே ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். குழு நூலகத்தின் கோப்புகள் குழுவை உருவாக்கியவரின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், ஆகவே குழுவில் மட்டும் கோப்பு ஏறவில்லையென்றால் அவரிடம் கேளுங்கள்.

கோப்பு இணைப்பாக மட்டும் இருக்கிறதா? கணினியில் பிடிஎஃபை வேறொரு கோப்புறையில் வைத்துவிட்டு அதற்கு இணைப்பு மட்டும் கொடுத்திருந்தால் டேப்லெட்டுக்கு அது வராது, ஒருபோதும் வராது. கோப்பின் படக்குறியில் சின்னச் சங்கிலி தெரியும். கணினியில் 'டூல்ஸ்' பட்டியலில் 'மேனேஜ் அட்டாச்மென்ட்ஸ்' என்பதற்குள் இணைப்புக் கோப்புகளைச் சேமித்த கோப்புகளாக மாற்றும் கட்டளை இருக்கிறது. மாற்றும் முன் மொத்த அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 300 மெகாபைட் கதை மறுபடி வரும்.

முதல் கணினியிலேயே கோப்பு ஏறவில்லையா? கட்டுரையை எந்தக் கணினியில் சேர்த்தீர்களோ அங்கே போய்த் திறந்து பாருங்கள். திறந்தால், அமைப்புகளில் ஒத்திசைவுப் பக்கத்தில் கோப்பு ஒத்திசைவு இயக்கத்தில் உள்ளதா என்று சரிபாருங்கள். இயக்கத்தில் இருந்தும் ஏறவில்லையென்றால் 'ரீசெட்' பகுதியில் 'ரீசெட் ஃபைல் சிங்க் ஹிஸ்டரி' என்பதை அழுத்தினால் எல்லாக் கோப்பையும் மறுபடி ஒப்பிடும், ஆபத்தில்லாதது. அதே பக்கத்தில் 'ரீப்ளேஸ் ஆன்லைன் லைப்ரரி' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். இணையத்தில் இருப்பதையெல்லாம் நீக்கி அந்தக் கணினியில் உள்ளதை அங்கே வைத்துவிடும். டேப்லெட்டிலிருந்து ஏறி, கணினிக்கு இன்னும் வராத குறிப்புகள் அதோடு போய்விடும்.

வெப்டேவ் (பிடிஎஃப்களை ஸோட்டெரோவின் இடத்துக்குப் பதிலாக வேறொரு சேவையகத்தில் வைக்கும் முறை) பயன்படுத்துகிறீர்களா? டேப்லெட்டிலும் அதே முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல்லைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கணினியில் கொடுத்தது இங்கே வராது. குழு நூலகங்களுக்கு வெப்டேவ் செல்லாது. சேவையகத்தை நடத்துபவர் நிறுவனத்தின் கணினிப் பிரிவு என்றால், சரிபார்ப்பு தோற்கும்போது வரும் செய்தியைப் படம் பிடித்து அவர்களிடம் கொடுங்கள்.

## அறிகுறி: வரியைத் தேய்த்தால் நிறம் பிடிக்கவில்லை

விரலையோ பேனாவையோ வரியின்மேல் ஓட்டுகிறீர்கள், எதுவும் ஆகவில்லை. அல்லது முழுப் பக்கமும் ஒரே கட்டமாகத் தேர்வாகிறது. ஒரு சொல்லை நீள அழுத்திப் பாருங்கள். சொல் தனியாகத் தேர்வாகவில்லையென்றால் அது ஸ்கேன் செய்த படம். அதில் எழுத்து என்று எதுவும் கிடையாது.

உடனடித் தேவைக்கு, பகுதியைச் சதுரமாக வெட்டிக் குறிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். பக்கத்தின் அந்தத் துண்டு படமாகக் குறிப்பில் சேரும். பக்கத்தில் உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதி வைத்தால் பின்னால் தேடக் கிடைக்கும்.

நிரந்தரத் தீர்வு எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டணமில்லா மென்பொருள் கணினியில் ஓடும். டெஸராக்ட் எழுத்துணரியை வைத்துப் படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தரும். தமிழுக்கான மொழிக்கோப்பும் டெஸராக்டுக்கு உண்டு, தனியாக நிறுவ வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த கட்டுரையென்றால் இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுங்கள். குறிப்பு போடத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

### நிறம் பிடிக்கிறது, ஆனால் குறிப்பில் வரும் சொற்கள் குழம்பியிருக்கின்றன

தமிழ்க் கட்டுரை வாசிப்பவர்களுக்கு இது தினசரித் தொல்லை. திரையில் 'கொள்கை' என்று அழகாகத் தெரியும். மஞ்சள் தீட்டினால் ஓரப் பட்டியலில் 'ெகாள்ைக' என்று விழும். கண்ணுக்குத் தப்பு சிறியது. ஆனால் பிற்பாடு 'கொள்கை' என்று தேடினால் இந்தக் குறிப்பு வரவே வராது. ஆய்வேட்டில் அப்படியே ஒட்டினால் புள்ளி வட்டங்களாகத் தெறிக்கும். பிடிஎஃபில் எழுத்துகள் அச்சில் வரும் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது.

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு: யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகள். பாமினி போன்றவற்றில் உருவானதை நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும்.

சோதனை எளிது. ஒரு வரியைத் தேர்ந்து நகலெடுத்து, எந்தக் குறிப்புச் செயலியிலாவது ஒட்டுங்கள்.

- ஆங்கில எழுத்தாக வந்தால்: பழைய எழுத்துரு. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் மேற்கோளுக்கு வேண்டிய வரியை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டுரை முழுவதையும் தேட வேண்டுமென்றால், பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரியில் ஓட்டுவது மேல்.
- கொம்பும் காலும் இடம் மாறி வந்தால்: குறிப்பைத் தொட்டு அதன் சொற்களைக் கையால் திருத்தலாம், ஸோட்டெரோ அனுமதிக்கிறது. நான் முக்கிய வரிகளுக்கு மட்டும் திருத்துகிறேன். மற்றவற்றுக்குக் கருத்துப் பெட்டியில் இரண்டு திறவுச்சொல் எழுதிவிடுகிறேன்.
- கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்தால்: கோப்பிலேயே எழுத்து விவரம் இல்லை. எழுத்துணரியைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இரண்டு பத்தியாக அச்சான கட்டுரையில் தேர்வு அடுத்த பத்திக்குத் தாவுவது வேறு விஷயம். பெரிதாக்கிக்கொண்டு, வரி வரியாகச் சின்னச் சின்னதாகத் தேர்ந்தெடுங்கள்.

## அறிகுறி: நிறம் சொல்லின் மேல் இல்லை, தள்ளி நிற்கிறது

ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான். குறிப்பு போட்டபின் கோப்பை மாற்றியிருக்கிறீர்கள். களஞ்சியங்களிலிருந்து இறக்கும் பிரதியில் முன்னால் ஒரு முகப்புப் பக்கம் சேர்ந்து வரும். ஜேஸ்டோர் கோப்புகளில் பார்த்திருப்பீர்கள். முகப்பில்லாத கோப்பில் குறிப்பு போட்டுவிட்டு, முகப்புள்ள கோப்பை அதன் இடத்தில் வைத்தால் எல்லாக் குறிப்பும் ஒரு பக்கம் முந்தி நிற்கும். ஓரங்களை வெட்டினாலும் பக்கத்தைத் திருப்பினாலும் இதேபோல்தான் ஆகும்.

பழைய கோப்பை மீண்டும் அதன் இடத்தில் வையுங்கள், குறிப்புகள் தத்தம் சொல்லுக்குத் திரும்பிவிடும். புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் அதை இரண்டாவது கோப்பாகச் சேருங்கள்.

## அறிகுறி: பேனா எழுதவில்லை, விட்டுவிட்டு எழுதுகிறது

முதலில் வேறு ஏதாவது ஒரு செயலியில் கோடு போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக எழுதினால் பேனாவில் குறையில்லை. வாசிப்புச் செயலியில் வரையும் கருவி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், செயலியைப் புதுப்பியுங்கள். அங்கேயும் எழுதவில்லையென்றால் கீழே.

முனை. ஆப்பிள் பென்சிலின் முனை மரை போட்டது, எழுத எழுதத் தளரும். விரலால் வலஞ்சுழியாக இறுக்குங்கள். விட்டுவிட்டு எழுதும் பேனாக்களை இதனால் மட்டுமே பலமுறை சரிசெய்திருக்கிறேன். தேய்ந்த முனையை மாற்றிவிடுங்கள்.

மின்சாரம். ஆப்பிள் பென்சிலுக்குச் சார்ஜ் வேண்டும். புளூடூத் பட்டியலில் அதை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி இணையுங்கள். சாம்சங்கின் எஸ் பென் எழுதுவதற்குச் சார்ஜே தேவையில்லை, தொலைவிலிருந்து இயக்கும் வசதிகளுக்குத்தான் தேவை. ஆகவே எஸ் பென் எழுதாவிட்டால் சார்ஜர் தேடிப் பயனில்லை.

உறை. ஒருவருடைய டேப்லெட்டில் இடது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் மட்டும் கோடு வளைந்து வளைந்து போனது. குறுக்காகக் கோடு இழுத்தால் அந்த இடம் வந்ததும் நெளிந்து, தாண்டியதும் நேராகிவிடும். திரை போய்விட்டது என்று மாற்ற ஆயத்தமாகிவிட்டார். பின்னால் மடித்திருந்த உறையைக் கழற்றச் சொன்னேன். கோடு நேராகப் போனது. மடித்த மூடியிலிருந்த காந்தம் சரியாக அந்தப் பட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது. எஸ் பென் வகைப் பேனாக்கள் காந்தப்புலத்தை வைத்து இயங்குபவை; பக்கத்தில் காந்தம் வந்தால் தடுமாறும். பணம் செலவழிக்கும் முன் உறையைக் கழற்றுங்கள், திரையின் மேல் ஒட்டியிருக்கும் தடித்த கண்ணாடியையும் சந்தேகியுங்கள்.

பொருத்தம். ஆப்பிள் பென்சிலில் பல வகை உண்டு, எல்லாம் எல்லா ஐபேடிலும் வேலை செய்யாது. பென்சில் ப்ரோ பழைய ஐபேடுகளோடு இணையாது; யூஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தத்தை உணரும் வசதி கிடையாது. புதிதாக வாங்கியது முதல் நாளிலிருந்தே எழுதவில்லையென்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

உறையும் கண்ணாடியும் கழற்றி, வேறொரு பேனாவிலும் அதே இடத்தில் கோடு விட்டுப்போனால் திரையின் குறை. வேறொரு டேப்லெட்டிலும் அந்தப் பேனா எழுதாவிட்டால் பேனாவின் குறை. இந்த இரண்டு சோதனையையும் முடித்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போங்கள். டேப்லெட்டைக் கொடுக்கும் முன் குறிப்புகள் எல்லாம் இணையத்துக்கு ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அழித்துத்தான் திருப்பித் தருவார்கள் என்று எண்ணிக்கொண்டே கொடுங்கள்.

### உள்ளங்கை பட்டுக் கோடு விழுகிறது

ஐபேடில் அமைப்புகளுக்குள் ஆப்பிள் பென்சில் பக்கத்தில், பென்சிலால் மட்டுமே வரையும்படி வைக்கும் விசை இருக்கிறது. கருத்துப் பெட்டியில் கையால் எழுதியது ஏதேதோ அச்செழுத்தாக மாறினால், அதே பக்கத்தில் 'ஸ்கிரிபிள்' என்பதை அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி: கட்டுரை திறந்ததும் உறைகிறது, சூடாகிறது

எல்லாப் பக்கத்திலும் மந்தமா, ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் மட்டுமா?

எல்லாப் பக்கத்திலும் என்றால் கோப்பின் அளவைப் பாருங்கள். வண்ணத்தில், 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்த நூலை எந்த டேப்லெட்டும் சிரமப்பட்டுத்தான் காட்டும். வாசிக்க 300 புள்ளி, சாம்பல் நிறம் போதும். குறிப்பு போடும் முன் கணினியில் சுருக்கிக்கொள்ளுங்கள். கோப்பு சிறியதாக இருந்தும் உறைந்தால், இறக்கிய பிரதியை மட்டும் டேப்லெட்டிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். பதிவை நீக்காதீர்கள், இரண்டும் வேறு கட்டளை. டேப்லெட்டில் காலியிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்த ஐபேடில் செயலியை 'ஆஃப்லோட்' செய்தால் தரவு தங்கும். 'டிலீட்' செய்தால் தரவும் போய்விடும்.

ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் அங்கே ஒரு வரைபடம் இருக்கும். ஆயிரமாயிரம் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனி உருவமாகப் பதிந்த வரைபடம். அந்தப் பக்கத்தை டேப்லெட்டில் வேகமாகத் தாண்டிவிட்டு, கணினியில் பார்த்துக்கொள்வதுதான் நான் செய்வது.

## அறிகுறி: நெறியாளருக்கு அனுப்பினேன், அவருக்குக் குறிப்புகள் தெரியவில்லை

ஸோட்டெரோவில் போடும் குறிப்புகள் அதன் தரவுத்தளத்தில்தான் இருக்கும், பிடிஎஃபுக்குள் அல்ல. கோப்புறையிலிருந்து கோப்பை எடுத்து அனுப்பினால் வெற்றுக் கோப்புதான் போகும். ஏற்றுமதிக் கட்டளையில் குறிப்புகளையும் சேர்க்கும் தேர்வோடு எடுத்து அனுப்புங்கள். அனுப்பும் முன் வேறு வாசிப்பானில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

குறிப்புகள் மட்டும் போதுமென்றால் கணினியில் பதிவின்மேல் வலச்சொடுக்கி, குறிப்புகளிலிருந்து ஒரு தனி ஏடு உருவாக்கலாம். அதில் பக்க எண் தவறாக வந்தால், அதாவது இதழின் 245ஆம் பக்கம் 1 என்று விழுந்தால், வாசிப்பானில் ஒரு குறிப்பின் பக்க எண்ணைத் திருத்தும்போது மற்றவற்றுக்கும் சேர்த்து மாற்றும் தேர்வு வரும். ஏடு உருவாக்குவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: தலைப்பும் ஆசிரியரும் வரவில்லை, கோப்பின் பெயர் மட்டும் இருக்கிறது

பிடிஎஃபை நேரடியாகச் சேர்த்தால் மென்பொருள் முதல் சில பக்கங்களின் எழுத்தை வைத்துத்தான் கட்டுரையை அடையாளம் காணும். ஸ்கேன் கோப்பில் எழுத்தே இல்லை, பழைய கட்டுரைகளில் டிஓஐ எண்ணும் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இருக்காது. கட்டுரையின் சுருக்கப் பக்கத்தை உலாவியில் திறந்து அங்கிருந்து பகிர்வு வழியாகச் சேருங்கள். 10 என்று தொடங்கும் டிஓஐ எண் கையில் இருந்தால் அதை இட்டாலே எல்லாம் வந்துவிடும். இல்லையென்றால் கையால் நிரப்புவதுதான்.

## அறிகுறி: "எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது?" என்று கேட்கிறது

இங்கே அவசரப்பட்டு விரலை வைத்துவிடாதீர்கள். ஒரே பிடிஎஃபை இரண்டு கருவியில் வெளிச்செயலிகளால் திருத்தியிருந்தால் இந்தக் கேள்வி வரும். தேர்ந்தெடுக்காத பக்கம் போய்விடும். கேள்வி திரையில் இருக்கும்போதே, கணினியின் கோப்புறையிலிருந்து அந்தப் பிடிஎஃபை மேசைத் திரைக்கு நகலெடுங்கள். அதன்பின் இணையப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் கையில் இருக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஸோட்டெரோவின் சொந்த வாசிப்பானில் மட்டும் குறிப்பு போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. ஒவ்வொரு குறிப்பும் தனித்தனியாகப் பயணிப்பதால் இரண்டு பக்கத்துக் குறிப்பும் சேர்ந்துவிடும்.

## அறிகுறி: கணினியில் நூலகமே திறக்கவில்லை, தரவுத்தளம் சேதம் என்கிறது

இருப்பதிலேயே விலையுயர்ந்த கோளாறு. ஸோட்டெரோவின் தரவுக் கோப்புறையை டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். காப்புக்காக என்று நல்லெண்ணத்தில் செய்வது அது. ஆனால் திறந்திருக்கும் தரவுத்தளத்தை அந்தச் சேவை பாதியில் நகலெடுக்கும்போது கோப்பு சிதைந்துவிடும்.

டேப்லெட்டிலும் இணையத்திலும் எல்லாம் நலமாக இருந்தால் பதற வேண்டியதில்லை. சேதமான கோப்புறையைப் பெயர் மாற்றி ஓரமாக வையுங்கள், கணினியின் சொந்த வட்டில் புதிய கோப்புறை தொடங்கி, கணக்கில் நுழைந்து முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பழைய கோப்புறையைச் சில மாதமாவது வைத்திருங்கள். இணையத்துக்கு ஏறாத பிடிஎஃப்கள் அதில் இருக்கும்.

இணையத்திலும் அரைகுறையாக இருந்தால் நிறுத்துங்கள். எல்லாக் கருவியிலும் ஒத்திசைவை அணையுங்கள். அமைப்புகளில் 'டீபக் அவுட்புட் லாகிங்' என்பதைத் தொடங்கி, கோளாறை ஒருமுறை நிகழ்த்திக் காட்டி, நிறுத்தி அனுப்பினால் ஒரு எண் கிடைக்கும்; கணினியில் இது 'ஹெல்ப்' பட்டியலில் இருக்கிறது. அந்த எண்ணோடு மென்பொருள் உருவாக்குநர்களிடம் கேளுங்கள். எண் இல்லாமல் "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் முதல் பதில் அந்த எண்ணைக் கேட்டுத்தான் வரும். கூடவே இவற்றையும் எழுதுங்கள்: செயலியின் பதிப்பு எண், டேப்லெட்டின் மாதிரி, கடைசியாகக் குறிப்புகள் எங்கே, எந்த நாளில் தெரிந்தன, அதன்பின் நீங்கள் என்னென்ன செய்தீர்கள். கடைசி விவரத்தில் எதையும் மறைக்காதீர்கள், தவறாக அழுத்தியதையும் சேர்த்து எழுதுங்கள். மீட்கிறவருக்கு வழி அங்கிருந்துதான் தெரியும்.